இரட்டை எழுத்து

ஏணி உச்சியில் நின்ற ஆபரேட்டர், மேல் புரொஜெக்டரிலிருந்து கீழ் புரொஜெக்டருக்குக் கேபிளைச் சொருகினார். வெளிச்சம் இரட்டிப்பாக, இரண்டின் சோதனைக் கட்டங்களும் திரையில் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன.

"மாப்ள, யாருக்கு இந்த வழியனுப்பு விழா?"

லேப்டாப்பிலிருந்து மைத்துனன் தலை நிமிரவில்லை. "கணக்குப் பிரிவுல யாரோவாம் அத்தான்."

"வெறும் கட்டத்தைப் போட்டா நான் என்னத்தைச் சரிபண்ண? விழாப் படத்தையே போடு. எழுத்து வந்தாத்தான் ரெண்டும் ஒண்ணா உக்காந்துச்சான்னு தெரியும்."

"கட்டமே போதுமே, அத்தான்."

"போடுடா! இந்த வேலையை நம்பித்தான் நம்ம வீட்டுல அடுப்பு எரியுது. உன்னை இங்க சேர்க்க முதலாளி கால்ல விழாத குறையா நின்னேன், நீ என்னடான்னா சோம்பேறித்தனம் பண்றே."

படம் வந்தது. எழுத்தெல்லாம் இரட்டையாகக் கலங்கித் தெரிந்தது. கீழ் புரொஜெக்டரின் திருகை அவர் மயிரிழை மயிரிழையாகத் திருப்பினார். இரண்டும் பொருந்தின, எழுத்து பளிச்சென்று நின்றது.

'விடைபெறும் ஆபரேட்டருக்கு நன்றி. அவர் இடத்துக்கு வரும் மைத்துனருக்கு வாழ்த்து.'

அவர் ஏணியில் நின்றபடியே மைத்துனன் பக்கம் திரும்பினார். "உங்க அக்காவுக்கு இது தெரியுமாடா?"

"உங்களுக்குக் கை நடுங்குதுன்னு முதலாளிகிட்டச் சொன்னதே அக்காதான், அத்தான்."

ஏணியைப் பிடித்திருந்த கை அப்போதுதான் முதல்முறையாக நடுங்கியது.