அறுபது மீனவர்கள்

அம்பாசமுத்திரம் பரமசிவனிடம் சொல்லிவிட்டால் போதும், கூட்டம் கிடைக்கும். கட்சி மாநாடு, கடைத் திறப்பு விழா, பெண் வீட்டார் குறைவாக வந்துவிட்ட கல்யாணம் என்று எதற்கும் ஆள் ஏற்றி அனுப்புவார். ஆனால் மீனவர்கள் வேண்டும் என்று அவரிடம் அதுவரை யாரும் கேட்டதில்லை.

கேட்டவர் முகுந்தன். இறால் பண்ணைக் கம்பெனி ஒன்றின் மேலாளர். தாமிரபரணி கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில், புன்னைத்துறையில் நூறு ஏக்கரில் இறால் குளம் வெட்டத் திட்டம். குளம் வந்தால் ஊர்க் கிணறெல்லாம் உப்பாகிவிடும் என்று அங்குள்ள மீனவர்கள் குதித்துக்கொண்டிருந்தார்கள். ஊர் சம்மதித்தால்தான் அனுமதி என்று, கருத்துக் கேட்க அரசு ஒரு கூட்டம் வைத்திருந்தது.

“ஊர்ல எவனும் வர மாட்டான்வே. கூட்ட அறிவிப்ப உப்புக் கிட்டங்கிக் கதவுல ஒட்டியாச்சு, உள்பக்கமா. நீரு அறுபது பேரக் கொண்டு போயி கையத் தூக்க வச்சிரும். நான் அந்தப் பக்கமே தலைகாட்ட மாட்டேன்” என்றார் முகுந்தன்.

வெள்ளிக்கிழமை காலை இரண்டு பஸ்கள் புறப்பட்டன. அறுபது பேரும் நாற்று நடுகிறவர்கள், களை பறிக்கிறவர்கள். பரமசிவன் மீன் விற்க வந்த ஒருத்தியிடம் வாடகைக்கு வலை கேட்டுப் பார்த்திருந்தார்; கிடைக்கவில்லை. வலை கிடைத்தால் எடுத்து வாருங்கள் என்று சொன்னதற்கு, ஒருவர் பள்ளிக்கூடத்துக் கைப்பந்து வலையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

வழியெல்லாம் பரமசிவன் பாடம் நடத்தினார். “யாரு என்ன கேட்டாலும் கட்டுமரம், வலை, சாளை மீனு. இந்த மூணத் தாண்டி ஒரு வார்த்த பேசப்பிடாது. மாட்டுனோம்னா அத்தன பேரும் ஜெயில்லதான் கெடக்கணும், பாத்துக்கிடுங்க.”

ஊர் முனையில் டவாலி போட்ட பியூன் ஒருவர் பஸ்ஸை நிறுத்தினார். சமுதாயக் கூடத்தில் இடம் போதாதாம். கூட்டத்தைப் பழைய ஐஸ் பேக்டரிக்கு மாற்றிவிட்டார்களாம். அங்கே மேஜை, மைக், பூந்தொட்டி எல்லாம் தயாராக இருந்தன. சபாரி சூட்டில் அதிகாரி. பக்கத்தில் குறிப்பெடுக்க ஓர் அம்மாள். உள்ளூர்க்காரர் ஒருவர்கூட இல்லை. முகுந்தன் கெட்டிக்காரர்தான் என்று பரமசிவன் மனதுக்குள் மெச்சிக்கொண்டார்.

பின்பக்கக் கதவு திறந்திருந்தது. முன்வரிசையில் இருந்த பாக்கியவதி அந்தப் பக்கம் பார்த்தவள், எழுந்தே விட்டாள். அவள் பிறந்ததிலிருந்து கடலைப் பார்த்ததில்லை.

“எம்மாடி! எத்தாம்பெரிய குளம்! இதுக்கு அந்தக் கரை எங்கன இருக்கு?”

பரமசிவனுக்குக் குப்பென்று வேர்த்தது. அதிகாரி நிமிர்ந்து பார்த்தார்.

“எழுதிக்கோங்கம்மா. கடலின் பரப்பு பற்றி மீனவப் பெண் ஐயம் எழுப்பினார்.”

அடுத்து ஆறுமுகநயினாரை எழுப்பினார். “தொழிலுக்கு எப்பப் போவீங்க?”

“தண்ணி தொறந்து விட்டதும் போவோம் ஐயா.”

“எங்கன?”

“மூணாம் மடைக்கு.”

பரமசிவன் பின்னாலிருந்து “கட்டுமரம், கட்டுமரம்” என்று இருமினார்.

“ஆமா ஐயா, இந்தத் தடவ கட்டுமரந்தான் வெதைச்சிருக்கோம்.”

அதிகாரி கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டார். “அதையும் எழுதிக்கோங்கம்மா.”

கம்பெனி இவரையும் கவனித்துவிட்டது என்று பரமசிவனுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

“இறால் குளம் வந்தா கிணத்துத் தண்ணியெல்லாம் உப்பாயிரும்னு சொல்லுதாவ. உங்களுக்குச் சம்மதமா?”

ஆறுமுகநயினார் தலையைச் சொறிந்தார். “உப்புத் தண்ணின்னா நெல்லு செத்துப் போவுமே ஐயா. குடிக்க என்ன செய்வாவ, பாவம்?”

பரமசிவன் அவர் கால் விரலை நன்றாக மிதித்தார். ஆறுமுகநயினாரின் கை பைய மேலே போனது. அதைப் பார்த்து அறுபது கைகளும் போயின. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அதிகாரி எழுந்து நின்று அந்தக் கைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

பிறகு கையெழுத்து, கைரேகை. நகல் ஒன்றை உறையில் போட்டு, மரியாதையாகப் பரமசிவனிடம் கொடுத்தார்கள். எல்லோருக்கும் சாளை மீன் குழம்போடு சாப்பாடு வேறு. பாக்கியவதி இரண்டு முறை சோறு வாங்கினாள்.

திரும்பும் வழியில் ஸ்ரீவைகுண்டத்தில் பஸ்ஸை நிறுத்தி, பரமசிவன் எஸ்.டி.டி. பூத்திலிருந்து முகுந்தனைக் கூப்பிட்டார்.

“வேலைய முடிச்சாச்சு சார். அறுபது கையெழுத்து!”

“எங்கனவே முடிச்சீரு? சமுதாயக் கூடத்துல ஊர்க்காரன் முன்னூறு பேரு வேண்டாம்னு கையத் தூக்கிட்டான். நம்ம பக்கம் ஒத்த ஆளு இல்ல! வலைய வாடகைக்குக் கேட்டு அந்த ஊரு மீன்காரிகிட்டயே போனீராமே, அறிவிருக்காவே உமக்கு?”

“இல்ல சார்... அதிகாரியே நேர்ல உக்காந்து கையெழுத்து வாங்குனாரே!”

“எந்த அதிகாரி? அதிகாரியா வந்தது ஜெபராணின்னு ஒரு அம்மா. காலையிலேருந்து சமுதாயக் கூடத்த விட்டு அவ அசையல!”

போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு பரமசிவன் உறையைக் கிழித்தார். ‘வயல் வேலைக்காரர்களாகிய நாங்கள், இறால் கம்பெனி கொடுத்த கூலிக்காக மீனவர்களாக வந்தோம் என்று இதன் மூலம் ஒப்புக்கொள்கிறோம்’ என்று தொடங்கியது அந்தத் தாள். அறுபது பேரின் சம்மதமும் கீழே வரிசையாக இருந்தது.

அதற்கும் கீழே, பச்சை மையில் கம்பீரமாக ஒரு கையெழுத்தும், வட்டமாக ஒரு முத்திரையும்: ‘புன்னைத்துறை மீனவர் நாடக மன்றம்.’