சேற்றில் சிக்காத ஜீப்

முதன்முறையாக எழுதத் துணிந்த பிழையைப் பெரியோர்கள் பொறுத்தருள வேண்டும்.

கென்யாவுக்கு மாற்றலாகும் மூணாறு எஸ்டேட் துரை, மெக்கானிக் மிக்கேல்ராஜையும் அழைத்துச் செல்வதாகச் சொல்லியிருந்தார். அந்நாட்டுச் சேற்றுக்கு ஏற்றபடி துரையின் பழைய டீசல் ஜீப்புக்குக் கூடுதல் ஸ்பிரிங் பட்டை வைத்து, சைலன்சர் குழாயை மேலே தூக்கிக் கட்டினார் மிக்கேல்ராஜ்.

"ஒரு நட்டையாச்சும் லூசா விட்டு வைங்க. அங்க போயி சும்மாவா உக்காருவீக?" என்று கிண்டல் செய்தாள் மனைவி அன்னாள்.

"போடி! நான் தொட்ட வண்டி எங்கயும் நிக்காது."

வெள்ளோட்டத்தில் ஜீப் ஓடைச் சேற்றை ஒரே மூச்சில் கடந்தது. துரை அவருடைய கையைக் குலுக்கினார்.

"பிரமாதம், மிக்கேல்! இது பழுதே ஆகாது. அங்கே மெக்கானிக் எதுக்கு? நீ இங்கேயே இரு."



இழந்தவை: கென்யா, அதை நம்பி ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்ட வேலை, வேலையோடு போன எஸ்டேட் லைன் வீடு, விற்றுவிட்ட கறவை மாடு.