மாப்பிள்ளை கேட்ட பீச் வில்லை

அறுபத்தொன்பதாம் வருஷம் தலை ஆடிக்கு மாப்பிள்ளை குருநாதன் சீராகக் கேட்டது மோதிரமில்லை, கைக்கடிகாரமில்லை. பீச் கிரம்பிள் பார் என்கிற இங்கிலீஷ் பலகாரம்.

கொடைக்கானலில் எஸ்டேட் ஆபீஸ் கிளார்க் அவன். ஒரு கூடை பீச் பழமும், செய்முறை எழுதிய தாளும் பஸ்ஸில் பள்ளத்தூர் மாமனார் வீட்டுக்கு வந்து இறங்கிவிட்டன. கடிதம் இரண்டே வரி. 'மாமா, இந்த ஆடிக்கு என் சீராக இது ஒன்று போதும். விருந்துக்கு அம்மாவும் வருகிறார்கள்.'

"ஒண்ணு போதுமாம். பெருந்தன்மையைப் பாருங்க," என்றாள் பொன்னுத்தாயி. "நம்ம வீட்டு அதிரசம் அவுக தொண்டையில இறங்காதாக்கும்."

அவள் புருஷன் சேவுகனுக்கு வேறு கவலை. வலையபட்டியிலிருந்து சம்பந்தியம்மா முத்தழகு ஏற்கெனவே ஆள் விட்டுச் சொல்லியிருந்தாள். சீர் மனசுக்கு ஒப்பினால்தான் ஆடி முடிந்து மருமகள் வீடு திரும்பலாம். ஆடிக்குப் பிறந்த வீடு வந்திருந்த மகள் அழகிக்கு அதைக் கேட்டதிலிருந்து சோறு இறங்கவில்லை.

சேவுகன் கூடையைப் பிரித்தார். பழத்தின் மேலெல்லாம் பூனைக்குட்டி மாதிரி ரோமம்.

"பூசணம் பிடிச்சுருச்சு," என்றாள் பொன்னுத்தாயி.

"அதோட தோலே அப்படித்தானாம்மா," என்றாள் அழகி.

"மயிரோடயா மாப்பிள்ளைக்குக் குடுக்குறது? சிரைச்சுக் குடுங்க."

முப்பது வருஷம் நெல் விளைவித்த கை, சவரக் கத்தியோடு ஒரு பழத்தின் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தது. மூன்றாவது பழத்தில் சேவுகனுக்குச் சந்தேகம் வந்தது. மகளை மட்டும்தான் கட்டிக் கொடுத்தோமா, கூடவே புத்தியையும் சேர்த்துக் கொடுத்துவிட்டோமா? இவனை நல்ல பையன் என்று ஊர் முழுக்கச் சொன்னது யார்? நான்தானே. ஐம்பத்து மூன்று வயசில் ஆள் பார்க்கத் தெரியாத நான் வேறு எதைத் தெரிந்து வைத்திருக்கிறேன்?

நாலாவது பழத்தை எடுத்துச் சிரைத்தார்.

வீட்டு அடுப்பில் ஆகிற காரியமில்லை. விருந்துக்கு முதல் நாள் கூடையோடு காரைக்குடிக்கு பஸ் ஏறி, ஜெய்னுலாபுதீன் பேக்கரியில் போய் நின்றார்.

பாய் தாளை வாங்கி வாய்விட்டுப் படித்தார். "மாவு, வெண்ணெய், சீனி மூன்றையும் விரல் நுனியால் உதிர்க்கவும். பிசையக் கூடாது."

படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"மாவு பிசைஞ்சுதான்ணே எம்புள்ளைகளுக்குச் சோறு போடுறேன். பிசையாதேன்னு எழுத இவுக யாரு?"

"எனக்கென்ன தெரியும் பாய். மாப்பிள்ளை கேக்குறாரு."

"மாப்பிள்ளை கேட்டா நாம குடுக்கத்தானே வேணும். நமக்கும் ரெண்டு இருக்காக." பாய் புட்டுக்கு விரவுவது போல மாவை உதிர்த்தார். பாதியைத் தட்டில் போட்டு அமுக்கினார். சீனியில் புரட்டிய பழத்துண்டுகளை அதன்மேல் பரப்பினார். மீதி மாவைக் கையில் அள்ளியவர் அப்படியே நின்றுவிட்டார்.

"இதை மேல தூவி விடணுமாம்ணே. கோழிக்குத் தீனி வைக்கிற மாதிரி. எவனாச்சும் பார்த்தா நாளைக்கு எங்கிட்ட பன்னு வாங்குவானா?"

"கதவைச் சாத்திட்டுத் தூவுங்க."

முக்கால் மணி நேரத்தில் வெந்துவிட்டது. வாசனைக்குத் தெருவே திரும்பிப் பார்த்தது. ஆனால் கடைசி பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது. 'நன்றாக ஆறிய பிறகே வில்லை போடவும்' என்று தாளில் இருந்ததைச் சேவுகன் கட்டை விரலால் மறைத்துக்கொண்டு, "இப்பவே போடுங்க பாய்," என்றார்.

பள்ளத்தூரில் இறங்கித் தட்டைத் திறந்தபோது வில்லை என்று எதுவும் இல்லை. உதிர்ந்த மாவும் நடுவில் கூழும்தான் இருந்தன.

மறுநாள் விருந்தில் பொன்னுத்தாயி அதைக் கரண்டியால் அள்ளி இலையில் வைத்தாள்.

சம்பந்தியம்மா ஒரு வாய் போட்டுப் பார்த்து இலை ஓரத்தில் துப்பினாள். "என்ன இது, கண்மாய்க் கரை உடைஞ்ச மாதிரி? இதை நாய் திங்குமா?"

சேவுகன் மகளைப் பார்த்தார். அழகி தண்ணீர்ச் செம்பை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

குருநாதன் குனிந்த தலை நிமிராமல் தின்றான். நெற்றியெல்லாம் வேர்வை. இன்னும் கொஞ்சம் கேட்டான். பிறகு தட்டையே இழுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அடியில் ஒட்டியிருந்ததையும் சுரண்டித் தின்று முடித்தான்.

"கொடைக்கானல் ருசி அப்படியே வந்துருச்சு மாமா. சீர் மனசுக்கு நிறைவா இருக்கு."

"என்னடா நிறைவு?" என்றாள் முத்தழகு. "ஸ்கூட்டர் கேக்கணும்னு நான் வந்திருக்கேன்."

"அது எப்படி ஆத்தா? மாப்பிள்ளை வாய்விட்டுக் கேக்குற ஒண்ணுதான் சீரு, ரெண்டாவது கேட்டா அது பிச்சைன்னு நம்ம அக்கா வீட்டுக்காரரை நீதானே விரட்டின. நான் கேட்டாச்சு. வந்தாச்சு. தின்னாச்சு."

சம்பந்தியம்மா காலியான தட்டை எட்டிப் பார்த்தாள்.

"மோராவது இருக்கா?" என்றாள் கடைசியில். "ஆவணி பிறந்ததும் புள்ளையைக் கொண்டாந்து விட்டுருங்க."

கொல்லைப் பக்கம் மாப்பிள்ளை கை கழுவ, சேவுகன் தண்ணீர் ஊற்றினார்.

"இம்புட்டு ஆசையா சாப்பிட்டீக. அடுத்த வருசமும் பாய்கிட்ட சொல்லி வைக்கவா மாப்பிள்ளை?"

குருநாதன் மூன்றாம் முறையாக வாய் கொப்பளித்தான்.

"வேணாம் மாமா, எனக்கு இனிப்பே ஆகாது. விலை சின்னதா, பேரு பெருசா ஒரு சீர் வேணும்னு கொடைக்கானல் பூரா ஒரு மாசம் தேடினேன்."