சாத்திய ஷட்டர்

ராபர்ட்சன்பேட்டை பஜாரில் நல்ல வியாபார நேரம். ரோட்டுக்கு அந்தப் பக்கம் சௌந்தரராஜனின் ஜவுளிக்கடை மட்டும் சாத்தியிருந்தது. வாசலில் அவர் மனைவி கிருஷ்ணம்மா ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"நேத்து நான் பேசினதுக்குக் கோவம்போல. மூடிட்டுப் போயிட்டாரு" என்றார் மனோகர்.

"பாவம் சார் அந்த அண்ணன்" என்றாள் நளினி.

பார்வையற்றவர்களுக்குத் தனியாக ரோடு தாண்டக் கற்றுக்கொடுப்பவர் மனோகர். பார்வை போன நளினிக்கு ஒரு மாதமாக இங்கேதான் பயிற்சி. வெள்ளைக்கோலை ஊன்றி, வண்டிச் சத்தத்துக்குக் காது கொடுத்து அவள் நிற்க வேண்டியதுதான் தாமதம், கிழித்துக்கொண்டிருக்கும் துணியைப் போட்டுவிட்டு சௌந்தரராஜன் ஓடிவருவார். கையைப் பிடித்து அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டுவிடுவார்.

தடுத்தால் மனோகருக்கு அர்ச்சனைதான்.

"கண்ணு தெரியாத பொண்ண நடுரோட்ல வுட்டுட்டு வேடிக்கை பாக்குறியே, இன்னா மனுஷன்யா நீ?"

நேற்று மனோகருக்குப் பொறுமை போய்விட்டது.

"திங்கக்கிழமையிலேருந்து இவ மாரிகுப்பம் ட்ரெயின் ஏறி பெங்களூருக்கு வேலைக்குப் போவணும் சார். அங்கியும் வந்து கையப் புடிப்பீங்களா? தனியா ரோடு தாண்டினாத்தான் அனுப்புவேன்னு அவங்கம்மா சொல்லிட்டாங்க. நாளைக்குத்தான் கடைசி நாளு. நீங்க பண்றது உதவி இல்ல சார், உபத்திரவம்."

சௌந்தரராஜன் முகம் சுண்டிப்போய்க் கடைக்குள் போய்விட்டார்.

"அப்புறமா சமாதானம் சொல்லிக்கலாம். நீ ரோட்டக் கவனிம்மா" என்றார் மனோகர் இப்போது.

நளினி நின்றாள். லாரி ஒன்று போனது. பழக்கதோஷத்தில் அவள் கை பக்கவாட்டில் நீண்டது. பிடிக்க யாரும் வரவில்லை.

கையை மடக்கிக்கொண்டாள். பஸ் இரைச்சல் தூரத்தில் தேயும்வரை காத்திருந்து, கோலை நீட்டி இறங்கினாள். மனோகர் ஓரடி பின்னாலேயே நடந்தார். ஆனாலும் தொடவில்லை.

கோல் எதிர்ப்பக்கத்துப் படியில் இடித்தது.

"தாண்டிட்டேன் சார்" என்றாள். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

அப்போது சாத்தியிருந்த ஷட்டரை உள்ளேயிருந்து யாரோ தட்டினார்கள்.

"தாண்டிடுச்சா புள்ள?" சௌந்தரராஜனின் குரல்.

"தாண்டிடுச்சு, இருங்க." கிருஷ்ணம்மா இடுப்பிலிருந்து சாவியை எடுத்தபடி மனோகரைப் பார்த்தாள்.

"கண்ணால பாத்தா கால் நிக்காது, ஓடிப்போயி கையப் புடிச்சிடுவேன், என்ன உள்ள வச்சுப் பூட்டிடுன்னு இவருதான் சாவியக் குடுத்தாரு சார்."