முழங்கால் ஊசி

மாடி குவார்ட்டர்ஸின் ஹாலில் சிங்காரவேல் போனில் பேசுவது, தோசை சுட்டுக்கொண்டிருந்த மலர்கொடிக்குத் தெளிவாகக் கேட்டது.

"படி ஏற முடியல டாக்டர். ராத்திரியெல்லாம் முனகல் கேட்டுகினே இருக்கு. இந்த வூட்டுக்காக ஓடியோடித் தேஞ்ச முட்டிங்க. பாக்க மனசு கேக்கல."

ஷிப்ட் முடிந்து வந்தால் சோற்றைத் தவிர வேறெதையும் கேட்காத மனுஷனா இது? வருஷக்கணக்கில் அவள் பல்லைக் கடித்து மறைத்த முட்டி வலி. தூக்கத்தில் அவள் முனகியது அவருக்குக் கேட்டிருக்கிறதே. மலர்கொடி தோசையைத் திருப்ப மறந்தாள்.

ஸ்பீக்கரில் டாக்டர் சொன்னார். "தேஞ்சது தேஞ்சதுதான். ஆனா வலியைக் கிளப்புற புரதம், நரம்பு செல்லுல இருக்கிற ரிசெப்டார்ல போய் உக்காராம இந்த ஊசி தடுத்துடும். வலி அடங்கிடும்."

"எவ்ளோ ஆனாலும் பரவால்லீங்க. இன்னிக்கே போட்டுடலாம்."

மலர்கொடி அடுப்பை அணைத்துவிட்டு, பீரோவிலிருந்து நல்ல சேலையை எடுத்தாள்.

"எடை எவ்ளோ இருக்கும்?"

"இருபத்தெட்டு கிலோங்க."

சேலை கையிலிருந்து நழுவியது.

"நமக்கெல்லாம் இந்த ஊசி இன்னும் வரல, நாய்ங்களுக்குத்தான் வந்திருக்கு. வாயைக் கட்டிக் கூட்டியாங்க."

சிங்காரவேல் உள்ளே எட்டிப் பார்த்தார்.

"மலரு, மணியால படி எறங்க முடியாது. தூக்கிகினுதான் எறங்கணும். நீ வந்து பின்னங்காலைப் புடி."