ஆறாவது பெட்டி

தேவசகாயத்தின் அலமாரித் தட்டில் ஐந்து பெட்டிகள்தான் கொள்ளும். ஐந்திலும் அவர் வளர்க்கும் டரான்டுலா என்ற பெரிய மயிர்ச் சிலந்திகள். ஆறாவதாக, ஊரில் யாரிடமும் இல்லாத நீலச் சிலந்தி ஒன்று வந்து மேசைமேல் இருந்தது. அது பிழைத்துக்கொண்டால், எல்லோரிடமும் இருக்கிற பழுப்புச் சிலந்தியை நண்பருக்குக் கொடுத்துவிடுவதாக அவர் போனில் சொன்னார். பழுப்புச் சிலந்தி அதைக் கேட்டுக்கொண்டிருந்தது. பன்னிரண்டு வருடமாக அந்தத் தட்டுதான் அதற்கு வீடு.

நீலம் வளையைவிட்டு வரவேயில்லை. போட்ட வெட்டுக்கிளியைத் தொடவுமில்லை.

"அக்கா, இந்த மனுஷன் ஏன் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு என்னையே பார்க்கிறார்? பிடித்துத் தின்னவா?"

ஆமாம் என்று சொன்னால் போதும், நீலம் பட்டினி கிடந்தே செத்துவிடும். பழுப்பு கொஞ்ச நேரம் கால்களைத் துடைத்துக்கொண்டது.

"அவரா? நம்மைப் பார்த்துக்கொண்டே தன் சாப்பாட்டை ஆறவிடுகிறவர். நீ வெளியே வந்து சாப்பிடு, போ."

மறுநாள் காலை நீலம் சாப்பிட்டது. தேவசகாயம் சிரித்தபடி பழுப்பின் பெட்டியை எடுத்துத் திறந்தார். அது வழக்கம்போல முன்கால்கள் இரண்டையும் அவர் விரல்மேல் வைத்தது. அவர் விரலை எடுக்கவில்லை. பிறகு நண்பரைப் போனில் கூப்பிட்டார்.

"இல்லப்பா, இது வயதானது. உன் வீட்டுச் சூடு ஒத்துக்கொள்ளாது."

மேல்தட்டிலிருந்த தன் கல்யாணப் படத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் நீலத்தை வைத்தார்.

"எனக்கு நல்ல இடம்தான் அக்கா" என்றது நீலம்.

"அவர் சம்சாரம் வரட்டும், பார்க்கலாம்" என்றது பழுப்பு.