துரைக்கு ஒரு டுரியான்

"இன்னொரு சுளை வைக்கட்டுங்களா, ஐயா?"

அஞ்சலை குனிந்து கேட்டாள். சேதுபதிக்கு வாய் நிறைய இருந்ததால், வை என்று விரலை மட்டும் ஆட்டினார்.

சேதுபதி திருவாரூரிலிருந்து மலாக்கா துணிக்கடை ஒன்றில் துணி கிழிக்க வந்தவர். முதல் வருஷம் காஜா பெராங் தெரு முழுக்க டுரியான் பழ வாசம் வீசியபோது மூக்கைப் பொத்திக்கொண்டு, 'இங்கே முள் முளைத்த பெருச்சாளியைத் தின்கிறார்கள்' என்று ஊருக்குக் கடுதாசி போட்டார்.

ஜப்பான்காரன் வந்தான். அரிசி மறைந்து, மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்கு என்றானது. ஒரு நாள் பசி பொறுக்காமல் ஒரு சுளையை வாயில் போட்டவர், அதன்பின் பலாப்பழத்தைப் பற்றி யார் பேசினாலும் சிரித்தார். கப்பல் நின்றுவிட்டதால் அந்தக் கடுதாசியைத் திருத்தி எழுதத்தான் வழியில்லை.

இப்போது அவர் நாற்பது ஜப்பானியச் சொற்கள் தெரிந்த முகாம் மொழிபெயர்ப்பாளர். சயாம் ரயில்பாதை வேலைக்கு இந்தத் தெருவில் பெயர் எழுதிக் கொடுத்தவரும் அவர்தான். முதல் பெயர், அஞ்சலையின் புருஷன் அப்பு. போய் ஒரு வருஷமாகத் தகவல் இல்லை.

"துரைக்கு ஒரு பழம் வேணும்," என்றார் சேதுபதி. வெள்ளைக்காரன் ஓடியதும் துரைப் பட்டத்தை ஜப்பானியத் தளபதிக்கு மாற்றியிருந்தார். "அவரு இன்னும் இதத் தின்னதில்ல. புடிச்சுப்போச்சுன்னா உன் மரத்தையே முகாம் எடுத்துக்கும். உனக்கும் பெருமைதானே?"

அந்த மரத்துப் பழத்தைப் புக்கிட் ரம்பாயில் அரிசிக்கு மாற்றித்தான் அஞ்சலை மூன்று பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தாள். ஆனாலும் சிரித்தாள்.

"துரைக்குங்களா? கீழ விழுந்து கெடக்கறதக் குடுத்தா மரியாத இல்லீங்க. மரத்துலேருந்தே அறுத்துத் தரேன்."

துரட்டியால் இருப்பதிலேயே பெரிதாக ஒன்றை அறுத்துக் கொடுத்தாள். பிளந்து தட்டில் வைத்ததை மட்டுமே தின்று பழகிய சேதுபதி, முள் குத்தக் குத்த அதை மார்போடு அணைத்துக்கொண்டு போனார்.

அவர் தெருவில் போவதைப் பார்த்துப் பக்கத்து வீட்டுப் பூங்காவனம் காறித் துப்பினாள்.

"புருஷன சயாமுக்கு அனுப்புனவனுக்குச் சுளை சுளையாக் குடுக்கற. இப்ப ஜப்பான்காரனுக்கு வேறயா? வெக்கமா இல்லடி?"

அஞ்சலை துரட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் மத்தியானம் சேதுபதி வந்தார். இடது கன்னத்தில் ஐந்து விரலும் பதிந்திருந்தது.

"பொளக்கவே மூணு சிப்பாய் வேண்டியிருந்துச்சு. ஒரு கடி கடிச்சாரு. துப்பிட்டு என்னை அறைஞ்சாரு. இனி இந்தச் சனியன் முகாம் பக்கமே வரக்கூடாதாம்!"

"நமக்குப் புடிச்சது அவங்களுக்கும் புடிக்கணுமா, ஐயா? நீங்களே மொதல்ல மூக்கப் பொத்தலையா?"

அது அவருக்கு நியாயமாகப் பட்டது. அஞ்சலை வைத்த இரண்டு சுளைகளை வலிக்காத கன்னத்தில் அடக்கித் தின்றுவிட்டுக் கிளம்பினார்.

அவர் தலை மறைந்ததும் பூங்காவனம் வேலியோரம் வந்தாள்.

"அம்மாம் பெரிய பழத்த வீணாக்கிட்டானுங்களேடி!"

அஞ்சலை தட்டைக் கழுவிக் கவிழ்த்தாள்.

"பழத்த யாரு குடுத்தா, அக்கா? நான் குடுத்தது காய்."